மூன்று ஒன்று இடது

சிறு விமானம் ஓட்டுகிறவர்களின் பையில் இருக்கும் பொருட்களில் மிகவும் அந்தரங்கமானது ஹெட்செட். விமானத்தையே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம், வரைபடத்தை இரவல் வாங்குகிறோம். ஆனால் இன்னொருவர் வியர்வை காய்ந்த ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொள்ள ஒருவரும் விரும்புவதில்லை. தமிழில் இதற்குத் 'தலையணி' என்று ஒரு சொல்லை முயன்று பார்த்தோம். நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் நினைவுக்கு வந்துவிட்டதால் கைவிட்டோம். ஹெட்செட் என்றே இருக்கட்டும்.

நாங்கள் கணவனும் மனைவியும். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பல காலமாக வசிக்கிறோம். இருவருக்கும் விமானி உரிமம் உண்டு. ரீட்-ஹில்வியூ என்ற சிறிய விமான நிலையத்தில் ஒரு சங்கத்தின் செஸ்னா 172 விமானத்தை வார இறுதிகளில் எடுத்துக்கொண்டு ஹாலிஸ்டர், சலீனாஸ், ஹாஃப் மூன் பே என்று சுற்றிவிட்டு வருவோம். போகும்போது ஒருவர், திரும்பும்போது மற்றவர் ஓட்டுவது எங்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம். இதையும் சேர்ந்தே எழுதுகிறோம். ஆகவே கணவரை 'மூத்தவர்' என்றும் மனைவியை 'இளையவர்' என்றும் குறிப்பிடுவதைப் பொறுத்துக்கொள்ளவும். வயது வித்தியாசம் ஆறு ஆண்டு.

2018 செப்டம்பரில் ஒரு ஞாயிறு. ஹாலிஸ்டரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அரை மணிக்கும் குறைவான தூரம். மூத்தவர் ஓட்டினார். ரீட்-ஹில்வியூவில் அருகருகே இரண்டு ஓடுதளங்கள் இணையாகக் கிடக்கின்றன. காற்று வடமேற்கிலிருந்து வீசும்போது அவற்றின் பெயர் முப்பத்தொன்று இடது, முப்பத்தொன்று வலது. வானொலியில் எண்களைத் தனித்தனியாகத்தான் உச்சரிப்பார்கள்: மூன்று, ஒன்று, இடது. கோபுரத்திலிருந்து இறங்க அனுமதி வந்தது. விதிப்படி மூத்தவர் அதைத் திருப்பிச் சொன்னார்: "மூன்று ஒன்று வலது." கோபுரம் உடனே திருத்தியது. மூத்தவர் மறுபடியும், அதே நிதானத்துடன், "மூன்று ஒன்று வலது" என்றார்.

"ஏனுங்க, லெஃப்ட்டுங்க! லெஃப்ட்டு!" என்று இளையவர் தொடையில் தட்டினார்.

வலது ஓடுதளத்தை நோக்கி எங்களுக்கு முன்னால் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இடதில் இறங்கினோம், கட்டிவைத்தோம், வீடு திரும்பும் வழியில் தோசை சாப்பிட்டோம். தோசை வரும் வரையிலும் வந்த பின்னரும் இருவரும் ஹெட்செட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. மூத்தவருடையது பழைய காலத்து வகை. மின்சாரம் ஏதும் வேண்டாதது. இரு தடித்த கிண்ணங்கள் காதை மூடி அழுத்தும், அவ்வளவே. அன்றிரவு சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து அதைக் கிடத்தினோம். காதைச் சுற்றிப் பதியும் மெத்தை இரண்டும் அப்பளம்போல் விறைத்திருந்தன. உள்ளே இருக்கும் ஜெல் பல கோடைகாலங்களாகக் காருக்குள் வெந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. மெத்தை தலையின் வடிவத்துக்கு நெளிந்து கொடுத்தால்தான் இரைச்சல் வெளியே நிற்கும். ஓர் ஊசி நுழையும் சந்து போதும், தாழ்ந்த ஒலி முழுவதும் உள்ளே வந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் கால் இந்தச் சந்தை உண்டாக்கும் முதல் குற்றவாளி. மூத்தவர் போட்டிருந்ததோ பட்டையான பிளாஸ்டிக் சட்டம். மெத்தையைக் கழற்றிப் புதிதாகப் பொருத்தினோம், முப்பது நாற்பது டாலர் வேலை. கண்ணாடிக்கும் கம்பி போன்ற மெல்லிய கால் உள்ள சட்டம் வாங்கினோம்.

அடுத்து மைக். அதன் நுனியில் இருக்கும் பஞ்சுத்தொப்பி கருத்துப் பிசுபிசுத்திருந்தது. சோப்பு நீரில் அலசி உலர்த்தினோம். இந்த மைக்கில் ஒரு தந்திரம் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வாய் உண்டு. அறையின் இரைச்சல் இரண்டு வாய்க்கும் சமமாக வந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், பேசுகிறவரின் குரல் முன்வாய்க்கு மட்டும் நெருக்கமாக வருவதால் தப்பிப் பிழைக்கும். ஆகவே மைக்கை உதட்டோடு உரசும் நெருக்கத்தில் வைக்க வேண்டும். தாடைக்குக் கீழே தொங்கவிட்டாலோ முன்பின்னாகத் திருப்பிவிட்டாலோ நம் குரலும் இரைச்சலோடு சேர்ந்து கழிந்துபோகும். பிறகு செருகிகள். சிறு விமானங்களில் கேட்பதற்கு ஒன்றும் பேசுவதற்குச் சற்று ஒல்லியாக இன்னொன்றுமாக இரண்டு செருகி. பித்தளையில் படிந்த கறுப்பை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தோம். விமானத்தில் செருகியபின் நாலு முறை திருகினால் கரகரப்பு பாதி போய்விடும் என்பதைச் சங்கத்து மெக்கானிக் சொல்லித்தந்தார். கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பதையும் அவரே, சற்றுக் கடுமையாகச் சொன்னார். ஒரு காதில் மட்டும் சத்தம் வராத இன்னொரு பிரச்சினையும் இருந்தது. அது ஸ்டீரியோ, மோனோ என்று மாற்றும் பொட்டளவு விசை தவறான பக்கம் நகர்ந்திருந்ததனால் வந்தது. ஆறு மாதமாக அப்படியே ஓட்டியிருக்கிறார் மனிதர்.

இவ்வளவும் செய்து பறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மூத்தவர் "என்ன சொன்னான்?" என்று கேட்பது நிற்கவில்லை. ஒலியளவுக் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார். பழைய வகை ஹெட்செட்டின் எல்லை இதுதான் என்று முடிவுக்கு வந்தோம். ஆயிரம் டாலருக்கு மேல் செலவழித்து, மின்னணு முறையில் இரைச்சலை நீக்கும் ஹெட்செட் வாங்குவதென்று தீர்மானித்தோம். தீர்மானித்த பிறகு ஏழு வாரம் யோசித்தோம்.

அந்த ஏழு வாரத்தில் படித்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 172இன் என்ஜினில் நான்கு சிலிண்டர். பயணவேகத்தில் நிமிடத்துக்கு 2400 சுற்று என்று கொண்டால் நொடிக்கு 40. ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கும், ஆக நொடிக்கு 80 வெடிப்பு. முன்னால் சுழலும் விசிறிக்கும் இரண்டே இறக்கை, அதுவும் நொடிக்கு 80 முறை காற்றை அறையும். இரண்டும் ஒரே சுருதியில் சேர்ந்து நெஞ்செலும்பில் ஒலிக்கின்றன. கிட்டாரின் மிகத் தடித்த தந்தி ஏறக்குறைய இந்தச் சுருதிதான், 82 ஹெர்ட்ஸ். இத்தகைய தாழ்ந்த ஒலியைக் கனமான கிண்ணத்தால் தடுப்பது கடினம். அடுத்த தெருவில் கல்யாணம் நடக்கும்போது கவனித்திருப்பீர்கள்: நாதசுரத்தின் பிருகாக்கள் சுவரோடு நின்றுவிடும், தவிலின் தொப்பி மட்டும் கட்டில் வரைக்கும் வந்து உட்காரும்.

கிண்ணம் தோற்கும் அந்த இடத்தில்தான் மின்னணு முறை வெல்கிறது. கிண்ணத்துக்குள் ஒரு குட்டி மைக் உள்ளே வரும் இரைச்சலைக் கேட்கிறது. அதன் மேடு பள்ளங்களைத் தலைகீழாக்கி இன்னோர் ஒலியை உண்டாக்கி மேலே விடுகிறது. மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்ள, மிஞ்சுவது அமைதி. யோசனை புதிதல்ல. ஜெர்மானியர் பவுல் லூயெக் என்பவருக்கு 1936இலேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. அதைத் தலையில் மாட்டும் அளவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமர் போஸ், வங்காளத்திலிருந்து வந்த ஒருவரின் மகன், எம்.ஐ.டி. பேராசிரியர். 1978இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில், அங்கே கொடுத்த ஹெட்ஃபோனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காமல்போன எரிச்சலில், பாஸ்டன் வந்து சேர்வதற்குள் கணக்கைப் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியபோது அவர்கள் காதில் இருந்தவை அந்த ஹெட்செட்டின் முன்மாதிரிகள். 1989இல் கடைக்கு வந்தது. ஒரு குளிர்சாதனப் பெட்டியளவு இடத்தில் இரண்டு பேர் ஒன்பது நாள் என்ஜினோடு அடைபட்டிருந்ததை நினைத்துப் பார்க்கையில், விலையைப் பற்றிய எங்கள் முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கியது.

எதை வாங்குவது என்பதில் நாங்கள் பட்ட பாட்டில் உருப்படியாகத் தேறியவை சில. பெட்டியின் மேல் அச்சிட்ட டெசிபல் எண்களை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவில் கட்டாயமாக அச்சிடும் மதிப்பீடு கிண்ணத்தின் தடுப்பை அளக்க வகுத்தது, மின்னணு நீக்கத்தின் பலன் அதில் ஏறாது. கடையின் குளிரூட்டிய அறையில் மாட்டிப் பார்ப்பதும் பயனற்றது. அங்கே எல்லாமே அமைதியாகத்தான் இருக்கும். திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையோடு வாங்கி, உங்கள் விமானத்தில், உங்கள் மூக்குக்கண்ணாடியோடு, ஒரு மணி நேரமாவது பறந்து பாருங்கள். உச்சந்தலையில் ஒரு புள்ளியில் வலி தொடங்குகிறதா என்பது நாற்பதாவது நிமிடத்தில்தான் தெரியும். பேட்டரி தீர்ந்தபின் எப்படி இருக்கிறது என்பதை விசையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மிக மென்மையாக, இறகுபோல் இருக்கும் ஹெட்செட் சில, மின்சாரம் போனதும் வெறும் மேல்துண்டாகிவிடுகின்றன. புளூடூத் பாட்டுக் கேட்க உதவும். அதற்காக மட்டும் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்று இளையவர் சொல்கிறார், மூத்தவருக்கு உடன்பாடில்லை.

2019 ஜனவரியில் வாங்கினோம், மூத்தவருக்கு மட்டும். முதல் முறை விசையைப் போட்டபோது அவர் என்ஜின் நின்றுவிட்டதோ என்று சுற்றுமுறையைக் காட்டும் முள்ளைப் பார்த்ததை இளையவர் கவனித்தார். பிறகு சிரித்தார். "கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்குதும்மா" என்றார்.

இரண்டாவது பயணத்தில் சலீனாஸ் செல்லும் வழியில் வேறோர் அலைவரிசைக்கு மாறச் சொன்னார்கள். மூத்தவர் ஓர் எண்ணைத் தவறாகத் திருப்பிச் சொன்னார். வானொலியில் ஐந்தை 'ஃபைவ்' என்று சொல்லாமல் 'ஃபைஃப்' என்பார்கள், ஒன்பதை 'நைனர்' என்பார்கள். ஐந்தும் ஒன்பதும் இரைச்சலில் ஒன்றாய்க் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வந்த உச்சரிப்பு. அப்படி வேலி போட்டு வைத்த எண்ணே குழம்பியது. இளையவர் ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் உங்களுதக் குடுங்க, நான் போட்டுப் பாக்கறேன்" என்று ஹெட்செட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

புதிய ஹெட்செட்டில் எல்லாம் கேட்டது. கட்டுப்பாட்டாளர் மூச்சிழுப்பது கேட்டது. இன்னொரு விமானத்தில் யாரோ பேனாவைத் தட்டுவதுகூடக் கேட்டது. ஒலியளவுக் குமிழ் அப்போதும் கடைசியில் நின்றது. காது பொறுக்காமல் இளையவர் அதைப் பாதிக்கும் கீழே குறைத்தார். குறைத்த கையை அங்கேயே வைத்துக்கொண்டு, இதை மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். தரையிறங்கும் வரை சொல்லவில்லை.

செவிச் சோதனை செய்த பெண்மணி வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். தாழ்ந்த ஒலிகளில் கோடு ஒழுங்காகச் சென்றது. 3000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிந்து, 4000இல் ஒரு பள்ளத்தில் விழுந்து, பிறகு கொஞ்சம் ஏறியது. இரைச்சலால் நைந்த காதுகளில் பெரும்பாலும் காணும் பள்ளம் இது என்றார். உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலியில் வாழ்கின்றன, அவற்றுக்குச் சேதமில்லை. ஃப், ஸ், த் என்று காற்றாய் வரும் மெய்கள் உயரத்தில் இருக்கின்றன. 'லெஃப்ட்' என்ற சொல்லில் கடைசி இரண்டு மெய்யையும் உருவிவிட்டால் மிஞ்சுவது என்ன? மூத்தவருக்கு அங்கே ஒரு சிறு வெற்றிடம் கேட்டிருக்கிறது. பெரும்பாலான நாட்களில் வலதுதான் கொடுப்பார்கள் என்ற பழக்கம் அந்த வெற்றிடத்தை நிரப்பியிருக்கிறது.

வீட்டில் ஏன் தெரியவில்லை என்று கேட்டோம். அந்தப் பெண்மணி கேட்டது: "வீட்டில் யாராவது புதிதாக ஏதாவது சொல்கிறார்களா?" நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். முப்பது ஆண்டு ஒரே தமிழில் பேசியபின் பாதி வாக்கியம் போதும். மீதியைக் காது கேட்பதில்லை, மனம் எழுதிக்கொள்கிறது.

மூத்தவரின் அப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். மருமகளாய்ப் போன புதிதில் அதைக் கோபம் என்று இளையவர் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் மிரண்டு இருந்ததுண்டு. அப்பா ஓய்வு பெற்ற பிறகு எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுவார், சம்பந்தமில்லாத இடத்தில் சிரிப்பார். "வயசாச்சு" என்று விட்டுவிட்டோம். சோதனைச்சாலையிலிருந்து காருக்கு நடக்கும்போது மூத்தவர் சொன்னார்: "எங்கப்பன் சும்மா சிரிக்கலம்மா. கேட்கலைன்னு சொல்ல வெக்கப்பட்டிருக்காரு."

காது போனதற்கு எது எவ்வளவு காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வயதும் உண்டு. ஆனால் மூத்தவர் 1994இல் பயிற்சி தொடங்கியபோது பழைய விமானத்தில் கூரையில் ஒரு ஸ்பீக்கர், கையில் ஒரு மைக், காதில் ஒன்றுமில்லை. அப்படி இரண்டு ஆண்டு. சிறு விமான அறையின் இரைச்சல் பயணவேகத்தில் பெரும்பாலும் 90 டெசிபலை ஒட்டி நிற்கும். அமெரிக்கத் தொழில்நலத் துறை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு, 94இல் ஒன்று. பிறகு ஹெட்செட் வந்தது. விறைத்த மெத்தை, பட்டைக் கண்ணாடி, அதனூடே வரும் இரைச்சலுக்கு மேல் பேச்சு கேட்கவேண்டி முழுவதும் திருகிய குமிழ். காதைக் காக்கும் கருவியே காதுக்குள் இன்னோர் இரைச்சலை ஊற்றிக்கொண்டிருந்தது. இரைச்சலை நீக்கும் ஹெட்செட்டின் முதன்மையான நன்மை நாங்கள் நினைத்ததுபோல் அமைதி அல்ல. ஒலியளவைக் குறைத்துக் கேட்க முடிகிறதே, அதுதான். போன மெய்யெழுத்துகளை அது திருப்பித் தராது. இருக்கிற மெய்கள் போகாமல் காவல் நிற்கும்.

மூத்தவர் இப்போது செவித்துணைக் கருவி அணிகிறார். விமானி மருத்துவச் சோதனையில் மருத்துவருக்கு முதுகு காட்டி ஆறடி தள்ளி நின்று சாதாரணப் பேச்சைக் கேட்டுச் சொல்ல வேண்டும். கருவியோடுதான் தேறினார், அதை அணிந்தே ஓட்ட வேண்டும் என்று சான்றிதழில் எழுதித் தந்தார்கள். கிண்ணத்தை மூடியதும் கருவி கீச்சென்று ஊளையிடும். அதைச் சரிசெய்ய மூன்று முறை போய் வந்தோம், ஹெட்செட்டையும் உடன் எடுத்துக்கொண்டு. காத்திருக்கும் அறையில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

பராமரிப்பில் இப்போது கறாராக இருக்கிறோம். மெத்தையின் உட்புறத்தில் பொருத்திய மாதத்தைப் பேனாவால் எழுதிவைக்கிறோம். விரலால் அழுத்தி விட்டால் உடனே எழும்ப வேண்டும், சோம்பினால் மாற்றம். ஹெட்செட்டைக் காரிலோ விமானத்தின் முன்கண்ணாடிக்குக் கீழோ வெயிலில் விடுவதில்லை. முன்கண்ணாடியருகே வைப்பதில் இன்னொரு கேடும் உண்டு: அதற்குள் இருக்கும் காந்தம் திசைகாட்டியின் முள்ளைப் பக்கத்தில் இழுத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் பறக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிடுகிறோம். கசிந்த பேட்டரி தின்ற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நாங்கள் கொடுத்த விலையை இங்கே எழுத மனமில்லை. கம்பியை இறுக்கிச் சுற்றாமல் பூமாலைபோல் தளர்வாக மடிக்கிறோம்.

புறப்படுமுன் என்ஜினை ஓட்டிச் சோதிக்கும்போது ஒரு நிமிடம் விசையை அணைத்துவிட்டு என்ஜினை அதன் சொந்தக் குரலில் கேட்கிறோம். இது நாங்களே ஏற்படுத்திக்கொண்டது. 2007இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே இத்தகைய ஹெட்செட் அணிவோருக்கு எச்சரிக்கை ஒலிகளும் இயந்திரத்தின் மாற்றங்களும் காதில் விழாமல் போகக்கூடும், கவனியுங்கள் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய இரைச்சலில் நமக்குத் தெரியாமலே எவ்வளவோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். முள் காட்டுமுன்பே தொடை உணரும் ஓர் அதிர்வு, ஜன்னல் ரப்பரின் விசில் என்று. மூத்தவருக்கு அந்தத் தாழ்ந்த ஒலிகள்தான் முழுசாக மிச்சம். அவற்றையும் கருவி அழித்துவிடுகிறது என்று ஒருநாள் வருத்தப்பட்டார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இறங்கும்போது இன்னொரு வழக்கம். கோபுரம் அனுமதி சொன்னதும் இருவரும் பேசாமல் ஆளுக்கொரு கட்டைவிரலைத் தாங்கள் கேட்ட பக்கம் சாய்த்துக் காட்டுகிறோம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் திருப்பிச் சொல்வது. இல்லாவிட்டால் மறுபடி கேட்பது. மறுபடி கேட்பதற்கு மூத்தவர் இப்போதெல்லாம் கூச்சப்படுவதில்லை.

இளையவரின் ஹெட்செட் இன்னும் பழைய வகைதான். அதன் மெத்தையில் எழுதிய மாதம் தாண்டி வெகுநாள் ஆகிறது. "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்கிறார். போன சனிக்கிழமை அவருடைய ஒலியளவுக் குமிழ் எங்கே நிற்கிறது என்று மூத்தவர் எட்டிப் பார்த்தார். புது மெத்தை ஒரு ஜோடி வரவழைத்திருக்கிறோம். செவிச் சோதனைக்கு அடுத்த மாதம் நேரம் வாங்கியிருக்கிறோம், இந்த முறை இருவருக்கும்.